கானாடுகாத்தான் முதல் தொண்டி வரை: கடலடியை அளப்பவனின் பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, கானாடுகாத்தான்

ஆய்வுக் கப்பலின் அடிப்பாகத்தில் பொருத்தியிருக்கும் சோனார் என்ற ஒலிக்கருவியைக் கொண்டு கடலடியின் மேடு பள்ளங்களைப் படமாக்குவது என் தொழில். கப்பல் பராமரிப்புக்காகத் துறைமுகத்தில் நிற்கிறது. அந்த விடுப்பில் பெரியப்பா வீட்டுக்கு வந்திருக்கிறேன். செட்டிநாட்டில் சுற்றும் இந்த நாள்களில், அத்தொழிலைப் பற்றி அன்றன்றைக்கு எழுதிப் பதிவிடலாம் என்று எண்ணம்.

இந்த வீட்டு வளவைச் சுற்றி நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கில் ஆனவை. வங்காள விரிகுடாவைக் கப்பலில் கடந்து வந்த மரம் அது. அந்தக் கடலில் போய்வந்தவர்களுக்குக் காற்றும் நீரோட்டமும் கரைகளின் அடையாளமும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தன. கப்பலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மட்டும் மாலுமிக்கும் தெரியாது, பயணிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எளிய வழியும் இருக்கவில்லை. கயிற்றின் நுனியில் எடையைக் கட்டி இறக்கி, அது தரையைத் தொட்டதும் கயிற்றின் நீளத்தைக் குறித்துக்கொள்வதுதான் அன்றைக்கு இருந்த ஒரே முறை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல், 1875இல் மேற்குப் பசிபிக்கில் இப்படித்தான் 8,184 மீட்டர் ஆழத்தை அளந்தது. ஆழ்கடலில் ஒரே ஒரு புள்ளியை அளக்கக் கப்பலை மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

ஒலி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1925 முதல் 1927 வரை மீட்டியோர் என்ற ஜெர்மானியக் கப்பல் தென் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தபடியே எதிரொலியால் 67,000க்கு மேற்பட்ட ஆழங்களை அளந்தது. கப்பல் நிற்கவே வேண்டியதில்லை. ஒலியைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாதியாக்கி, நீரில் ஒலியின் வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைத்துவிடும். கடல்நீரில் அந்த வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர்; காற்றில் இருப்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

இரவு உணவு முடிந்து முகப்பில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஏம்ப்பா, அத்தனை ஆழத்துல யாரு போயி இருக்கப்போறா? எதுக்கு அளக்கணும்?" எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்விதான் என்றாலும், இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் கண்ணாடி இழைக் கேபிள் கிடக்கிறது. 2020 ஆகஸ்டில் அது பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேரில் இருப்பவர் இன்று சென்னையில் இருப்பவரோடு தடையின்றிப் பேசுவது அதனால்தான். அப்படியொரு கேபிளை இறக்குவதற்கு முன் வழி நெடுகிலும் கடலடியை அளந்தாக வேண்டும். வங்காள விரிகுடாவின் தரை சமதளமானது அன்று. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறியாகப் பரந்து கிடக்கிறது. உலகின் மிகப்பெரிய கடலடி வண்டல் விசிறி அதுதான். அதன் மேல், நிலத்து ஆறுகளைப் போலவே வளைந்து வளைந்து, இருபுறமும் கரைமேடு கட்டிய கால்வாய்கள் ஓடுகின்றன. கேபிளைச் சரிவின் விளிம்பில் தெரியாமல் போட்டுவிட்டால், இரண்டு மேடுகளுக்கு இடையே அது அந்தரத்தில் தொங்கி நாளடைவில் அறுந்துபோகும். பெரியப்பா இதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ஐயா ரங்கூன் போனது இந்த ஆத்துக்கு மேலயாக்கும்" என்றார். அந்தக் கால்வாய்களைத் திரையில் முதன்முதலாகக் கண்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, ஆத்தங்குடி

காலையில் அண்ணன் மகளையும் அழைத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை அசையாமல் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் கலந்த சாந்தை நிரப்பித் தளக்கல் செய்யும் வேலையை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பியதும் எங்கள் பட்டாலையில் பதித்திருக்கும் அந்தக் கற்களை வைத்தே அவளுக்கு உலகக் கடல் வரைபடத்தை விளக்கினேன்.

கடலடியின் எண்மப் படம் என்பது தளத்தில் கற்களைப் பதிப்பதைப் போன்றது. கடல் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆழத்தைக் கொடுக்கிறோம். மொனாகோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் 1903இல் தொடங்கிய ஜெப்கோ என்ற பன்னாட்டு முயற்சி இந்தப் பொதுப் படத்தை இன்றும் வெளியிட்டு வருகிறது. 2017இல் அதனோடு ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை சேர்ந்து 'சீபெட் 2030' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, உலகக் கடலடியில் வெறும் 6 சதவீதம் மட்டுமே நேரடியாக அளக்கப்பட்டிருந்தது. 2024 ஜூனில் அது 26.1 சதவீதமாக உயர்ந்தது. பதினாறு கல்லை எண்ணி, நான்கின் மேல் மட்டும் காசு வைக்கச் சொன்னேன். "மத்ததுல எல்லாம் ஆழம் போடலையா சித்தப்பா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறோம், ஆனால் அது ஊகம் என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் நாம் பார்க்கும் நீல நிறக் கடல் படங்களில் வெற்றிடமே தெரியாது. மலையும் பள்ளமும் எங்கும் நிறைந்திருக்கும். அதில் பெரும்பகுதி செயற்கைக்கோள் கடல்மட்டத்தை அளந்ததிலிருந்து கணக்கிட்டது. கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும்; அதனால் மேலே கடல்மட்டம் சில மீட்டர் உயர்ந்து நிற்கும். அந்த உயர்வைச் செயற்கைக்கோள் அளந்துவிடும். அருமையான முறைதான், ஆனால் சில கிலோமீட்டருக்கும் சிறிய உருவங்கள் அதில் தெரியாது. 2005 ஜனவரி 8 அன்று சான் பிரான்சிஸ்கோ என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி, குவாம் தீவுக்குத் தெற்கே முழு வேகத்தில் ஒரு கடலடி மலையில் மோதியது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அவர்கள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த மலை இல்லை. அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே நிறத்தில் காட்டும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணும் எந்த வழியில் வந்தது என்று சொல்லும் துணைக் கோப்பை ஜெப்கோ தன் தரவோடு சேர்த்தே தருகிறது. தரவிறக்குபவர்கள் அதையும் திறந்து பார்க்க வேண்டும்.

சரி, நேரடியாக அளப்பது எப்படி? இன்றைய கப்பல்களில் இருப்பது மல்டிபீம் சோனார், அதாவது ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளால் அளக்கும் கருவி. 1960களில் அமெரிக்கக் கடற்படைக்காக இரகசியமாக உருவான நுட்பம், 1977இல் 16 கற்றைகளோடு ஒரு பிரெஞ்சு ஆய்வுக் கப்பலில் பொது அறிவியலுக்கு வந்தது. இப்போதைய கருவிகளில் 400க்கும் மேற்பட்ட கற்றைகள் உண்டு. கப்பலின் நீளவாக்கில் ஒலி அனுப்பும் அடுக்கும், அதற்குக் குறுக்காக ஒலி கேட்கும் அடுக்கும் இருக்கும். அனுப்பும் அடுக்கு, கப்பலுக்குக் குறுக்கே மெல்லிய பட்டை ஒன்றின் மீது மட்டும் ஒலியைப் பாய்ச்சும். கேட்கும் அடுக்கு, திரும்பி வரும் ஒலியை 1 பாகை அளவுள்ள திசைகளாகப் பிரித்துக் கேட்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு சிறு இடத்துக்கும் தனித்தனி ஆழம் கிடைக்கும். ஆகவே கப்பல் நகர நகர, அதன் இருபுறமும் அகன்ற பாதை ஒன்று முழுமையாக அளக்கப்பட்டுக்கொண்டே போகும்.

கப்பல் ஆடாமல் நின்றால் இவ்வளவும் எளிது. அது நிற்காது. 1,000 மீட்டர் ஆழத்தில், நேர்கீழிலிருந்து 60 பாகை சாய்ந்து போகும் ஓரக் கற்றையில் ஒரே ஒரு பாகை பிழை நேர்ந்தால், ஆழம் 30 மீட்டர் தவறிப்போகும். அதனால்தான் கப்பலின் உருளல், முன்பின் சாய்வு, ஏற்ற இறக்கம், திசை ஆகிய எல்லாவற்றையும் ஒரு நொடியில் பல முறை அளந்து, ஒவ்வொரு கற்றையையும் திருத்துகிறோம். ஆய்வு தொடங்குவதற்கு முன், ஒரே சரிவின் மேல் எதிரெதிர்த் திசைகளில் ஓடிப் பார்ப்போம். இரண்டு ஓட்டத்திலும் சரிவு ஒரே இடத்தில் விழும்வரை கருவியின் கோணங்களைச் சரிசெய்வோம். அவை சரியாகப் பொருந்துவதற்கு முன் எடுத்த எந்த அளவையும் நான் ஏற்பதில்லை.

திங்கட்கிழமை, காரைக்குடி

இன்று சில சொந்த வேலைகள் இருந்ததால் குறிப்பு சிறியது. கல்லூரிச் சாலை வழியாகப் போகும்போது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலைக் கடந்தேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் இந்த ஊரின் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு கடற்கரை நிலையம் இருப்பதும், உப்புநீரில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று அங்கே பல்லாண்டுகளாகச் சோதித்து வருவதும் எங்களைப் போன்றவர்களுக்கு மிக முக்கியம். சோனாரின் உயிர்நாடி மின்துடிப்பால் அதிரும் பீங்கான் வில்லைகள். மின்துடிப்பு கொடுத்தால் அவை விரிந்து சுருங்கி ஒலி எழுப்பும்; எதிரொலி பட்டால் அதே வில்லைகள் மின்சாரம் எழுப்பும். 1917இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லான்ஜ்வான் குவார்ட்சில் செய்து காட்டிய அதே தத்துவம்தான். அந்த வில்லைகளைச் சுற்றியுள்ள கூடு அரித்தாலோ, முகத்தில் ஒட்டி வளரும் கடலுயிரியான கொட்டலசு படிந்தாலோ கப்பலின் காது மந்தமாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை, தொண்டி

விடியுமுன் புறப்பட்டு, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு வந்தேன். செட்டிநாட்டுக்கு மிக அருகில் இருக்கும் கடல் இது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடல்சார் படிப்புக்கான வளாகமும் இங்கேதான் இருக்கிறது. தெரிந்த மீனவர் ஒருவரின் வல்லத்தில் இடம் கிடைத்தது. மீன் பார்க்க அவர் வைத்திருக்கும் சிறிய எக்கோ சவுண்டரின் (எதிரொலியால் ஆழம் காட்டும் கருவி) டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பிக் கேட்கும் பகுதியை, குழாய் ஒன்றில் கட்டிப் பக்கவாட்டில் இறக்கியிருந்தார். நீர்மட்டத்துக்குக் கீழே அது அரை மீட்டரில் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடிய பிறகும் ஆழம் சில மீட்டர்தான். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீட்டருக்குள் அடங்கிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த இரும்புத் தகட்டை, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கம்பிக் கயிற்றில் டிரான்ஸ்டியூசருக்கு நேர்கீழே இறக்கினோம். நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டரில் தகடு நின்றபோது திரை 1.5 என்றது. டிரான்ஸ்டியூசர் இருக்கும் அரை மீட்டரைக் கூட்டினால் கணக்கு சரி. 6 மீட்டருக்கு இறக்கினோம். 5.5 வர வேண்டிய இடத்தில் 5.4 என்று காட்டியது. "மெஷின்ல கோளாறா சார்?" என்றார் மீனவர். கோளாறு இல்லை அண்ணே என்றேன். இரண்டு ஆழத்திலும் ஒரே அளவு பிழை வந்திருந்தால் டிரான்ஸ்டியூசர் இருக்கும் உயரத்தைத் தவறாக எடுத்திருக்கிறோம் என்று பொருள். ஆழம் கூடக் கூடப் பிழையும் கூடினால் ஒலியின் வேகம்தான் காரணம். அந்தக் கருவி விநாடிக்கு 1,500 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான நம் கடல்நீரில் உண்மையான வேகம் 1,540ஐ ஒட்டி இருக்கும். ஒலி விரைவாகத் திரும்பிவிடுவதால், கருவி கடலை உள்ளதைவிட ஆழம் குறைந்ததாகக் காட்டுகிறது.

மீன் பிடிப்பவருக்கு 10 சென்டிமீட்டர் பொருட்டில்லை. பெரிய கப்பலில் எங்களுக்கு இதே பிரச்சினை பேருருவம் எடுக்கும். ஆழ்கடலில் மேல்நீர் சூடு, கீழ்நீர் குளிர். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்த உப்புக் குறைந்த படலம் மேலே கிடக்கும். வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றும் மாறும்போது வேகம் மாறும். வேகம் மாறும் இடத்தில் சாய்ந்து செல்லும் ஒலிக்கதிர் வளையும். இதைக் கவனியாமல் விட்டால் தட்டையான தரை, இரு ஓரமும் மேலே சுருண்டோ கீழே தொங்கியோ திரையில் தெரியும். அதனால் ஆய்வின்போது உணரியை ஆழத்துக்கு இறக்கி, ஒலிவேகத்தை மேலிருந்து கீழ்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

தொண்டிக்கு நான் வந்ததற்கு உண்மையான காரணம் வேறு. ஆழ்கடலை அளப்பதே கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். காலக் கணக்கில் பார்த்தால் இந்த ஆழமற்ற கடல்தான் கடினம். இருபுறமும் 60 பாகை விரியும் மல்டிபீம், 4,000 மீட்டர் ஆழத்தில் ஒரே ஓட்டத்தில் சுமார் 14 கிலோமீட்டர் அகலத்தை அளந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் அதே விரிவு வெறும் 35 மீட்டர் அகலத்தைத்தான் தொடும். அதே வேகத்தில் ஓடினால் நானூறு மடங்கு நேரம் வேண்டும். அதற்கு ஈடாக, 1 பாகைக் கற்றை ஆழ்கடலில் 70 மீட்டர் இடத்தை ஒரே புள்ளியாக்கிவிடும்போது, இங்கே 17 சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டும்; அறுந்த வலையும் நங்கூரமும்கூடத் தெரியும். ஆனால் பெரிய கப்பல் இங்கே வர முடியாது. விமான லேசரும் செயற்கைக்கோள் படமும் தெளிந்த நீரில்தான் தரையைப் பார்க்கும். கலங்கிக் கிடக்கும் இந்த விரிகுடாவில் அவற்றை நம்ப முடியாது. சிறு படகில் கருவியைக் கட்டி, 30 மீட்டருக்கு ஒரு கோடாக, மாதக்கணக்கில் போய்வருவதைத் தவிர வழியில்லை.

அப்படிச் செய்வது வீண் செலவு அன்று. திரும்பும் வழியில் திரையில் தரைக்கோடு திடீரென்று மங்கி, அதற்கு மேலே முடி முளைத்தாற்போல் ஒரு படலம் தெரிந்தது. மீனவர் திரையைப் பார்க்கவே இல்லை. "இங்க கீழ புல்லு சார்" என்றார். கடற்புல்லின் இலைகளுக்குள் காற்றறைகள் உண்டு. அவை ஒலியைத் திருப்பி அனுப்பும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. கடற்பசுவின் உணவே இந்தப் புல்தான். திரும்பும் எதிரொலியின் வலிமையையும் மல்டிபீம் பதிவு செய்கிறது. சேறு ஒலியை விழுங்கும், பாறை பலமாகத் திருப்பும். ஆழத்தோடு அதையும் படமாக்கினால் எங்கே சேறு, எங்கே மணல், எங்கே பாறை, எங்கே புல் என்று பிரித்துவிடலாம். அப்படி முழுமையான படம் ஒன்று இந்த விரிகுடாவுக்கு வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

புதன்கிழமை, தேவகோட்டை

உறவினர் வீட்டில் பேச்சு காவிரிப்பூம்பட்டினத்துக்குப் போனது. நகரத்தார் அங்கிருந்து வந்தவர்கள் என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்லப்படும் மரபுச் செய்தி. ஊரைக் கடல் கொண்டது என்பதும் அதோடு சேர்ந்தது. "உங்க மெஷின்ல அந்த ஊரு தெரியாதா தம்பி?" என்று வீட்டு ஆச்சி கேட்டார்கள்.

பூம்புகாருக்கு எதிரே தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1980களிலிருந்தே தேடியிருக்கிறார்கள். 1990களில், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு கண்டறியப்பட்டது. பக்கவாட்டில் ஒலியைப் பாய்ச்சும் சைடு ஸ்கேன் சோனார், தரையில் எழுந்து நிற்கும் பொருளுக்குப் பின்னால் விழும் ஒலிநிழலைக் காட்டும். நிழலின் நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம். இவை எல்லாம் உருவத்தைச் சொல்லுமே தவிர, அதை மனிதன் கட்டினானா இயற்கை செய்ததா என்று சொல்லாது. அதற்கு முக்குளிப்பவரும் தொல்லியலாளரும் வேண்டும். ஆராய்ச்சியாளர்களிடையே அதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது, பாக் விரிகுடா முழுவதும் அப்போது தரை என்பது மட்டும் ஐயமில்லாத செய்தி. அந்தப் பழைய தரை இன்று வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. மல்டிபீம் மேற்பரப்பை மட்டும் பார்க்கும்; புதைந்ததைத் தேடக் குறைந்த அதிர்வெண்ணில், சேற்றைத் துளைத்துச் செல்லும் ஒலி வேண்டும். ஆச்சியிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, இல்லாததை இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது என்றேன். "தெரிஞ்சதைச் சொன்னாப் போதும்" என்றார்கள்.

மாலையில் தொண்டி மீனவர் தொலைபேசியில் அழைத்தார். தினமும் தம் திரையில் ஓடும் ஆழம் யாருக்காவது பயன்படுமா என்று கேட்டார். பயன்படும். சாதாரணப் படகுகளின் எக்கோ சவுண்டர் பதிவுகளையும் திரட்டும் முயற்சியைப் பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு நடத்தி வருகிறது. அந்தந்தக் கடலோர நாட்டின் ஒப்புதலுக்கு உட்பட்டே அதைச் செய்ய முடியும். ஆழத்தை மட்டும் எழுதிவைத்தால் போதாது. ஜிபிஎஸ் இடம், தேதி, நேரம் மூன்றும் சேர்ந்து பதிவாக வேண்டும் என்றேன். ஓதத்தின் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், 5 மீட்டர் ஆழத்தில் அது பெரிய பிழை; நேரம் இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். டிரான்ஸ்டியூசர் நீருக்குள் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை, வலையும் ஐஸும் ஏற்றிய பிறகு ஒருமுறையும், மீனோடு திரும்பும்போது ஒருமுறையும் அளந்து குறிக்கச் சொன்னேன். இரும்புத் தகட்டையும் முடிச்சுக் கயிற்றையும் அவர் வல்லத்திலேயே விட்டுவந்திருக்கிறேன்.